டிஎன்ஏவால் ஒரு பெட்டி, அதற்கு ஒரு பூட்டு: புற்றுநோய்க்கு எதிராக நானோ தொழில்நுட்பம்

டிஎன்ஏ, புற்றுநோய் என்ற இரண்டு சொற்களையும் ஒரே வரியில் பார்த்தவுடன், மரபணு சிகிச்சை பற்றி ஏதோ சொல்லப்போகிறார்கள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். கெட்டுப்போன மரபணுவை வெட்டி எறிவது, நல்லதை ஒட்டவைப்பது, அந்த மாதிரி. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். டிஎன்ஏ நானோ தொழில்நுட்பம் அது கிடையாது. இதில் ஈடுபடுகிறவர்களுக்கு டிஎன்ஏவில் என்ன சேதி எழுதியிருக்கிறது, அது எந்தப் புரதத்துக்கான குறிப்பு என்பதில் எல்லாம் பெரிதாக அக்கறை இல்லை. மரம், கம்பி மாதிரி அவர்களுக்கு டிஎன்ஏ ஒரு கட்டுமானப் பொருள். அதை வைத்துப் பெட்டி செய்கிறார்கள், குழாய் செய்கிறார்கள், இடுக்கி செய்கிறார்கள், பூட்டு செய்கிறார்கள். எல்லாமே ஒரு சிவப்பணுவைவிடப் பல மடங்கு சின்னவை.

அத்தனை பொருள் இருக்க, ஏன் டிஎன்ஏ?

பள்ளியில் படித்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். டிஎன்ஏ என்பது இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போகும் முறுக்குக் கயிறு. ஒவ்வொரு இழையிலும் ஏ, டி, ஜி, சி என நான்கே எழுத்துகள்தான் மாறி மாறி வரும். ஏ-வுக்கு எதிரில் டி, ஜி-க்கு எதிரில் சி என்று வந்தால்தான் இரண்டு இழையும் ஒழுங்காக ஒட்டும். கயிற்றின் தடிமன் 2 நானோமீட்டர், அடுத்தடுத்த எழுத்துகளுக்கு இடையே 0.34 நானோமீட்டர், ஏறக்குறைய பத்தரை எழுத்துக்கு ஒரு முழுச் சுற்று. (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்.) பலகையின் அளவு முன்கூட்டியே தெரிந்திருந்தால் தச்சருக்கு எவ்வளவு வசதியோ, அவ்வளவு வசதி இந்த அளவுகள் தெரிந்திருப்பதும்.

அதைவிடப் பெரிய வசதி, இந்த இழைகள் தங்கள் ஜோடியைத் தாங்களே தேடிக்கொள்ளும் என்பது. 20 எழுத்து நீளமுள்ள ஓர் இழையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு எழுத்துகளை வைத்து 20 இடங்களை நிரப்ப ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட வழிகள் இருக்கின்றன, ஆகவே தற்செயலாக வேறோர் இழை அதே வரிசையில் வந்து நிற்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பலவிதமான இழைகள் மிதக்கும் உப்புத் தண்ணீரில் இதைப் போட்டாலும், வழியில் எதிர்ப்படுவதை எல்லாம் உரசிப் பார்த்துவிட்டு, தனக்கு முழுதாகப் பொருந்துகிற இழையோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். யாரும் கையால் பிடித்து ஒட்ட வேண்டியதில்லை. அப்புறம், எந்த வரிசை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் அந்த இழையை இயந்திரத்தில் தயாரித்து, உலர்த்தி, சிறு குப்பியில் போட்டு அனுப்பிவைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. புரதத்தோடு இப்படி விளையாடுவது சுலபமில்லை.

இந்த யோசனையின் பிறப்புக்கதை கொஞ்சம் வேடிக்கையானது. 1980-ல் அமெரிக்காவின் ஆல்பனியில் நெட் சீமன் என்ற படிகவியல் ஆராய்ச்சியாளர் இருந்தார். புரத மூலக்கூறுகளை வரிசையாக அடுக்கிப் படிகமாக்குவதுதான் அவருக்குத் தலைவலி. அவை சொன்ன பேச்சு கேட்பதில்லை. ஒருநாள் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த பாரில் உட்கார்ந்து டிஎன்ஏ இழைகள் சந்திக்கும் சந்திப்புகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது, எஷர் என்ற டச்சு ஓவியரின் படம் ஒன்று நினைவுக்கு வந்தது. அதில் மீன்கள் வரிசை வரிசையாக மிதக்கும். தலை, வால், மேலே ஒரு துடுப்பு, கீழே ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என ஒவ்வொரு மீனும் ஆறு கை நீட்டிய டிஎன்ஏ சந்திப்பு மாதிரியே அவருக்குத் தெரிந்திருக்கிறது. மீன்கள் இப்படி ஒழுங்காக அடுக்கிக்கொண்டு நிற்க முடியுமென்றால் டிஎன்ஏவால் சாரம் கட்டி, அதற்குள் புரதத்தை நிற்கவைக்கலாமே என்று கிளம்பியதுதான். 1982-ல் கட்டுரை எழுதினார். 1991-ல் அவரும் ஜுங்ஹுவே சென்னும் டிஎன்ஏவாலேயே ஒரு கனசதுரம் செய்து காட்டினார்கள்.

ஆனால் அப்போது ஒவ்வொரு வடிவத்துக்கும் மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அதை உடைத்தவர் கால்டெக் நிறுவனத்தின் பால் ராத்மண்ட். 2006-ல் அவர் வெளியிட்ட முறைக்குப் பெயர் டிஎன்ஏ ஓரிகாமி. (காகிதத்தை மடித்து உருவங்கள் செய்யும் ஜப்பானியக் கலைக்குத்தான் ஓரிகாமி என்று பெயர்.) எம்13 என்ற வைரஸிலிருந்து எடுத்த, 7,000-க்குச் சற்று மேற்பட்ட எழுத்துகள் கொண்ட ஒரு நீள இழை. அதோடு 200-க்கும் மேற்பட்ட குட்டி இழைகள். குட்டி இழை ஒவ்வொன்றும் நீள இழையின் இரண்டு மூன்று இடங்களை ஒன்றாகப் பிடித்துத் தைக்கும், காகிதங்களை ஸ்டேப்ளர் பின் பிடிப்பது மாதிரி. எல்லாவற்றையும் ஒரே குழாயில் கொட்டி, சூடுபடுத்தி, மெல்ல ஆறவிட்டால் போதும், நீள இழை தானாக மடிந்து வடிவத்துக்கு வந்துவிடும். அவர் செய்ததில் பிரபலமானது சிரிக்கும் முகம். அகலம் சுமார் 100 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே எழுநூறு எண்ணூறு முகங்களை வரிசையாக வைக்கலாம். அப்படி ஒரே துளியில் கோடிக்கணக்கான முகங்கள்.

சிரிக்கும் முகத்தால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்டால், நேரடியாக ஒன்றும் இல்லை. கவனிக்க வேண்டியது வேறு. அந்த 200 குட்டி இழைகளில் ஒவ்வொன்றும் வடிவத்தில் எங்கே போய் உட்காரும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும், அதாவது ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி இருக்கிறது. 37-ஆம் இழையின் நுனியில் ஒரு மருந்து மூலக்கூறையும் 112-ஆம் இழையின் நுனியில் ஓர் ஒளிரும் சாயத்தையும் கட்டிவிட்டால், அவை இரண்டும் எத்தனை நானோமீட்டர் தள்ளி நிற்கும் என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம். வேறு எந்தப் பொருளிலும் இது இவ்வளவு எளிதாக வராது. இனி வரப்போகிற எல்லாமே இந்த ஒரு வசதியையும், சரியான ஜோடியை மட்டும் அடையாளம் காணும் குணத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவதுதான்.

புற்றுநோயில் எங்கே சிக்கல்?

கிருமி வெளியிலிருந்து வருவது. அதன் உடலமைப்பே வேறு, அதனால் அதை மட்டும் பார்த்து அடிக்கும் மருந்து கிடைக்கிறது. புற்றுநோய்ச் செல் நம் செல்தான். கட்டுப்பாடு இல்லாமல் பெருகுகிறது, மற்றபடி பக்கத்துச் செல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். உதாரணமாக ஹெர்2 என்ற புரதம் சில மார்பகப் புற்றுநோய்களில் செல்லின் மேல்பரப்பில் ஏராளமாக இருக்கும், ஆனால் நல்ல செல்களிலும் அது கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. 'இது இருந்தால் புற்றுநோய், இல்லையென்றால் இல்லை' என்று அடித்துச் சொல்கிற ஒற்றை அடையாளம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வழக்கமான கீமோதெரபி வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. முடி வேர்களும் குடலின் உட்சுவரும் எலும்பு மஜ்ஜையும் வேகமாகப் பெருகுகிறவைதான், ஆகவே களையோடு பயிரும் போகிறது. முடி கொட்டுவதும் வாந்தியும் ரத்த அணுக்கள் குறைவதும் இதனால்தான்.

கண்டுபிடிப்பதிலும் இதே கதை. ஆரம்பத்தில் கட்டி சின்னது, அதிலிருந்து ரத்தத்துக்கு வரும் தடயமும் சொற்பம். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 500 கோடி சிவப்பணுக்கள் இருக்கின்றன. கட்டியிலிருந்து உதிர்ந்து வந்த செல் இருந்தால், அதே மில்லிலிட்டரில் ஒன்றோ இரண்டோ, பல நேரம் அதுவும் இருக்காது. இந்தக் கூட்டத்துக்குள் அந்த ஒன்றை எப்படிப் பிடிப்பது? பிடித்தால் மட்டும் போதாது, தப்பான ஆளைப் பிடித்துவிடவும் கூடாது.

முதலில், கண்டுபிடிக்கும் வேலை

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இழை இடமாற்றம் என்ற உத்தி, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

மைக்ரோ ஆர்என்ஏ என்று ஒன்று இருக்கிறது. ஆர்என்ஏ என்பது டிஎன்ஏவுக்கு உறவான, பெரும்பாலும் ஒற்றை இழையாக இருக்கும் மூலக்கூறு. அதில் சுமார் 22 எழுத்து நீளமே உள்ள சின்னத் துணுக்கு இது. செல்லுக்குள் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று அடக்கி வாசிக்கவைக்கும் வேலை அதனுடையது. (இதைக் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்கனுக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது.) பலவகைப் புற்றுநோய்களில் சில மைக்ரோ ஆர்என்ஏக்கள் அளவுக்கு மீறிக் கூடுகின்றன, சில குறைகின்றன. 'மிர்-21' என்பது கூடுகிற கூட்டத்தில் பேர்போனது. ரத்தத்திலும் இவை மிதந்து வரும்.

இப்போது மிர்-21-க்குச் சரியான ஜோடியாக, 22 எழுத்து நீளத்தில் ஒரு டிஎன்ஏ இழையைச் செய்கிறோம். அதைக் கண்ணி என்று வைத்துக்கொள்வோம். கண்ணியின் 15 எழுத்துகளை மறைத்தபடி இன்னொரு குட்டி இழை அதோடு ஒட்டியிருக்கிறது, அது மூடி. மிச்சம் 7 எழுத்து மூடப்படாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணியின் நுனியில் ஓர் ஒளிரும் சாயம், மூடியின் நுனியில் அந்த ஒளியை விழுங்கிவிடும் இன்னொரு மூலக்கூறு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்வரை ஒளி வராது, இருட்டு.

மிர்-21 மிதந்து வருகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த 7 எழுத்தில் முதலில் கால் ஊன்றுகிறது. அப்புறம் எட்டாவது எழுத்துக்காக மூடியோடு இழுபறி தொடங்கும். ஒரு கணம் இது பிடிக்கும், மறுகணம் மூடி திரும்பப் பிடித்துக்கொள்ளும், முன்னும் பின்னுமாக ஒரு தள்ளுமுள்ளு. ஆனால் மிர்-21-க்கு 22 எழுத்து பிடிமானம், மூடிக்கு 15-தான். கடைசியில் மூடி கழன்று மிதந்து போய்விடும், ஜிப்பை ஒரு பக்கம் திறந்துகொண்டே மறுபக்கம் இன்னொரு ஜிப் மூடிக்கொண்டு போவது போல. மூடி போனதும் ஒளியை விழுங்குவதற்கு ஆள் இல்லை. சாயம் ஒளிர்கிறது. வேறொரு ஆர்என்ஏ வந்து ஊன்றப் பார்த்தால்? முதல் 7 எழுத்தே பொருந்தாது, அல்லது பாதியில் ஓர் எழுத்து தப்பாகி அங்கேயே திணறி விலகிவிடும். பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை, என்சைம் இல்லை. எது எதோடு அதிகம் பொருந்துகிறது என்ற ஒரே கணக்குதான். 2000-ல் பெர்னார்ட் யூர்க்கும் கூட்டாளிகளும் டிஎன்ஏவால் திறந்து மூடும் இடுக்கி செய்து காட்டியது இதே இழுபறியை வைத்துத்தான்.

சரி, மிர்-21 மூலக்கூறு சிலதே இருந்தால் ஒளியும் மங்கலாகத்தானே இருக்கும்? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். ஹேர்பின் மாதிரி தனக்குள் மடிந்து, தன் நுனியைத் தானே பூட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வகை டிஎன்ஏ இழைகளைக் கரைசலில் நிறையப் போட்டு வைக்கிறார்கள். சும்மா இருந்தால் அவை ஒன்றையொன்று சீண்டாது. தேடும் மூலக்கூறு வந்து முதல் ஹேர்பினைத் திறந்துவிட்டது என்றால், திறந்த வால் இரண்டாம் வகையில் ஒன்றைத் திறக்கும், அதன் வால் மறுபடி முதல் வகையில் ஒன்றைத் திறக்கும், இப்படியே ஒன்று தொட்டு ஒன்றாக நீண்ட சங்கிலி உருவாகிவிடும். ஒரு மூலக்கூறு வந்ததற்கு நூற்றுக்கணக்கான ஹேர்பின்கள் சாட்சி. 2004-ல் கால்டெக்கின் டர்க்ஸும் பியர்ஸும் விவரித்த முறை இது.

மைக்ரோ ஆர்என்ஏவும் டிஎன்ஏவும் எழுத்துக்கு எழுத்து பொருந்தும், சரி. புரதத்தை எப்படிப் பிடிப்பது? அங்கேதான் ஆப்டமர் வருகிறது. ஒற்றை டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ இழை தன் வரிசைக்கு ஏற்றபடி சுருண்டு ஒரு குறிப்பிட்ட உருவம் எடுக்கும். எந்த உருவம் எந்தப் புரதத்தின் பள்ளத்தில் கச்சிதமாக உட்காரும் என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது கஷ்டம், அதனால் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடுகிறார்கள். கண்டபடி எழுதிய கோடானுகோடி இழைகளைப் புரதத்தின் மேல் கொட்டு, ஒட்டாததைக் கழுவு, ஒட்டியதை மட்டும் நகலெடுத்துப் பெருக்கு, மறுபடி கொட்டு. பத்துப் பதினைந்து சுற்றில் நன்றாகப் பிடிக்கிறவை மட்டும் மிஞ்சும். 1990-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைச் செய்தன. 2004-ல் ஓர் ஆப்டமர் கண் நோய்க்கு மருந்தாகவே ஒப்புதல் பெற்றது, ஆகவே இது வெறும் ஆய்வகச் சமாச்சாரம் இல்லை.

இதையெல்லாம் எங்கே நிற்கவைப்பது என்பதும் முக்கியம். சென்சார் செய்ய, பிடிக்கிற இழைகளைத் தங்க மின்முனையில் ஒட்டவைப்பார்கள். வெறும் இழைகளை ஒட்டினால் சில படுத்துக்கொள்ளும், சில நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், வருகிற மூலக்கூறுக்கு இடமே இருக்காது. ஆக்ஸ்ஃபோர்டில் டர்பர்ஃபீல்டின் குழு செய்திருந்த, நான்கே இழைகளில் உருவாகும் நான்முகி வடிவத்தை ஷாங்காயின் சுன்ஹாய் ஃபான் குழு இதற்குப் பயன்படுத்தியது. மூன்று மூலைகள் தங்கத்தில் கெட்டியாக ஊன்றியிருக்கும், நான்காவது மூலை நிமிர்ந்து நின்று கண்ணி இழையைத் தூக்கிப் பிடித்திருக்கும், முக்காலி மேல் வைத்த மாதிரி. இடைவெளியும் சீராக அமைந்துவிடும்.

தப்பான ஆளைப் பிடிக்கும் பிரச்சினைக்கு வருவோம். மிர்-21 புற்றுநோயில் மட்டும்தான் கூடும் என்றில்லை, வேறு அழற்சிகளிலும் கூடும். ஒன்றை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொன்னால் நோயே இல்லாத ஆளைப் பதறவைத்து, தேவையில்லாத ஸ்கேனுக்கும் பயாப்ஸிக்கும் அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்: இது கூடியிருக்கிறதா, அதுவும் கூடியிருக்கிறதா, இன்னொன்று குறைந்திருக்கிறதா. வழக்கமாக ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து கம்ப்யூட்டரில் கூட்டிக் கழிப்பார்கள். டிஎன்ஏ இழைகளுக்கு அந்தக் கூட்டல் கழித்தலையே சொல்லிக்கொடுக்க முடியும். ஓர் அடையாளத்துக்கு அதிக முக்கியத்துவம் வேண்டுமென்றால், அது ஒருமுறை வந்தாலே மூன்று இழைகள் வெளியேறும்படி வைக்கலாம். எதிர்த்திசை அடையாளத்துக்கு, வெளியேறிய இழைகளைப் பிடித்து முடக்கும் இழைகள். எல்லாம் சோதனைக்குழாய்க்கு உள்ளேயே நடந்து, கடைசியில் ஒளி வருகிறதா இல்லையா என்ற ஒரு விடை மட்டும் வெளியே வரும். 2020-ல் நுரையீரல் புற்றுநோய்க்கு இப்படி ஒரு டிஎன்ஏ கணக்கை உண்மையான ரத்த மாதிரிகளில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மாதிரிகள் குறைவுதான், ஆனால் வேலை செய்தது.

இனி, மருந்து கொடுக்கும் வேலை

2012-ல் ஹார்வர்டில் ஷான் டக்ளஸ், இடோ பாச்லெட், ஜார்ஜ் சர்ச் மூவரும் ஓரிகாமி முறையில் ஒரு பீப்பாய் செய்தார்கள். நீளம் 45 நானோமீட்டர், குறுக்களவு 35. நீளவாக்கில் பிளந்து, சிப்பி மாதிரி திறக்கும். உள்ளே மருந்து மூலக்கூறுகள் கட்டப்பட்டிருக்கும். வாயில் இரண்டு பூட்டுகள். ஒவ்வொரு பூட்டும் ஓர் ஆப்டமர் இழையும் அதைப் பிடித்துவைத்திருக்கும் ஜோடி இழையும்தான். ஆப்டமருக்குப் பிடித்த புரதம் செல்லின் மேல் தென்பட்டால், அது ஜோடியை விட்டுவிட்டுப் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும், பூட்டு திறக்கும். மேலே பார்த்த அதே இழுபறிதான்.

இரண்டு பூட்டு வைத்ததில்தான் சூட்சுமம். ஒரு பூட்டு மட்டும் திறந்தால் பீப்பாய் திறக்காது. முதல் புரதமும் இருக்க வேண்டும், இரண்டாவதும் இருக்க வேண்டும். ஒற்றை அடையாளம் நல்ல செல்லிலும் இருக்கிறதே என்று முன்னால் புலம்பினோம் அல்லவா, அதற்கு இது ஒரு பதில். முதல் புரதம் மட்டும் உள்ள நல்ல செல் தப்பிக்கும், இரண்டாவது மட்டும் உள்ளதும் தப்பிக்கும், இரண்டும் சேர்ந்து இருக்கும் புற்றுநோய்ச் செல்லுக்குத்தான் பீப்பாய் வாயைத் திறக்கும். ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் இதைச் செய்து காட்டினார்கள்.

அந்த ஆய்வுக்கட்டுரையின் தலைப்பில் 'நானோ ரோபோ' என்ற சொல் இருந்தது, அதோடு வினையும் ஆரம்பித்தது. ரோபோ என்றதும் சின்னச் சின்ன எந்திரங்கள் ரத்தக்குழாய்க்குள் நீந்திப் போய், புற்றுநோயை மோப்பம் பிடித்துத் துரத்துவது போலப் படம் போட்டுவிடுகிறார்கள், சிவப்பணுவுக்குப் பக்கத்தில் கைகால் முளைத்த சிலந்தி வேறு. இந்தப் பெட்டிகளுக்கு எங்கே போவது என்று தெரியாது. ரத்தம் அடித்துச் செல்கிற இடத்துக்கெல்லாம் போகும், எதன்மேலாவது மோதும், மோதின இடத்தில் பூட்டுக்கு ஏற்ற சாவி இருந்தால் திறக்கும். அவ்வளவுதான். என்னைக் கேட்டால், பூட்டு போட்ட பெட்டி என்றே சொல்லியிருக்கலாம்.

உயிருள்ள உடலில் இது நடக்கும் என்று பெரிதாகப் பேசவைத்தது 2018-ல் வெளிவந்த சீன, அமெரிக்கக் கூட்டு ஆய்வு. இவர்கள் 90-க்கு 60 நானோமீட்டர் டிஎன்ஏ பாய் ஒன்றைச் செய்து, அதன் மேல் த்ராம்பின் என்ற, ரத்தத்தை உறையவைக்கும் என்சைமைக் கட்டி, உள்பக்கமாகச் சுருட்டி, குழாயாக்கி, ஓரத்தை ஆப்டமர் இழைகளால் கட்டிவிட்டார்கள். அந்த ஆப்டமர் தேடுவது நியூக்ளியோலின் என்ற புரதத்தை. கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் அதை வெளிப்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும். ஆக, குழாய் கட்டியின் ரத்தக்குழாய்க்குப் போனதும் கட்டு அவிழ்ந்து, பாய் விரிந்து, த்ராம்பின் வெளியே தெரிந்து, அந்த இடத்தில் மட்டும் ரத்தம் உறைந்துவிடும். புற்றுநோய்ச் செல்லைத் தொடவே இல்லை. எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்களே, அதேதான். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் கொடுக்கப்பட்ட எலிகளில் பாதி உயிரோடிருந்த காலம் 20.5 நாளிலிருந்து 45 நாளுக்கு நீண்டது. எட்டில் மூன்று எலிகளுக்குக் கட்டி முழுவதுமாக மறைந்தது. ரத்தத்தை உறையவைக்கும் பொருளை ஊசி வழியாக ஏற்றுவது என்றாலே வயிற்றைக் கலக்கும், வேறெங்காவது திறந்துகொண்டால் பக்கவாதம்தான். அதனால் குட்டை ரகப் பன்றிகளுக்கும் கொடுத்து, மற்ற இடங்களில் உறைவு வரவில்லை என்று பார்த்திருக்கிறார்கள்.

பூட்டுக்குச் சாவி புரதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கட்டியைச் சுற்றியுள்ள இடம் பெரும்பாலும் கொஞ்சம் அமிலத்தன்மையோடு இருக்கும். அந்தச் செல்கள் சர்க்கரையை அவசர அவசரமாக எரிப்பதன் விளைவு அது. அமிலத்தன்மையைச் சொல்லும் அளவு பிஎச், அது குறையக் குறைய அமிலம் கூடுதல். ரத்தத்தின் பிஎச் 7.4 என்றால் அங்கே 6.5 வரைகூட இறங்கும். டிஎன்ஏவில் சில வரிசைகள் பிஎச் மாறினால் மடிப்பை மாற்றிக்கொள்ளும். யமுனா கிருஷ்ணனின் குழு 2009-ல் இதை வைத்து, உயிருள்ள செல்லுக்குள் பிஎச் அளக்கும் டிஎன்ஏ கருவியைச் செய்தது. 2024-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பியோர்ன் ஹோக்பெர்க்கின் குழு இதையே ஆயுதப் பூட்டாக்கியது. செல்களின் மேல் 'இறந்துபோ' என்ற கட்டளையை வாங்கும் ஏற்பிகள் உண்டு. அவற்றைத் தூண்டுகிற பெப்டைடுகள் (குட்டிப் புரதத் துண்டுகள்) ஆறை, அறுகோணமாக, குறிப்பிட்ட இடைவெளியில் வைத்தால்தான் கட்டளை சரியாகப் போய்ச் சேரும். முகவரி வசதி இருப்பதால் டிஎன்ஏவில் இது எளிது. அந்த அறுகோணத்தை ஓரிகாமியின் பள்ளத்துக்குள் மறைத்துவைத்து, பிஎச் 6.5-க்கு இறங்கினால் மட்டும் வெளியே தெரியும்படி செய்திருக்கிறார்கள். எலிகளில் மார்பகக் கட்டியின் வளர்ச்சி 70 சதவீதம் வரை குறைந்தது. சாதாரண பிஎச்-சில் ஆயுதம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

இன்னும் எளிமையான வழியும் இருக்கிறது: டாக்ஸோரூபிசின் என்ற பழைய கீமோ மருந்து இயல்பாகவே டிஎன்ஏ கயிற்றின் எழுத்துப் படிகளுக்கு இடையே போய்ச் செருகிக்கொள்ளும், ஆகவே ஓரிகாமி ஒன்றை அதில் ஊறவைத்தாலே மருந்து ஏறிவிடும். தடுப்பூசி பக்கமும் ஒரு கிளை ஓடுகிறது. நோயெதிர்ப்பு மண்டலத்தை உசுப்பும் டிஎன்ஏ துணுக்குகளை 3.5 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கினால், புற்றுநோய்க்கு எதிரான டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் நன்றாகத் தூண்டப்படுகின்றன என்று வில்லியம் ஷிஹ் குழு காட்டியிருக்கிறது. இடைவெளியை மாற்றினால் விளைவும் மாறுகிறது.

இத்தனை இருந்தும் ஏன் இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை?

இவ்வளவுக்கும் பிறகு, டிஎன்ஏ ஓரிகாமியில் செய்த புற்றுநோய் மருந்து ஒன்றுகூட மனிதர்களுக்கு ஒப்புதல் பெறவில்லை. காரணங்களில் சில எதிர்பார்த்தவைதான். வெளியிலிருந்து டிஎன்ஏ ரத்தத்தில் வந்தால் உடலைப் பொறுத்தவரை அது வைரஸ் தடயம். அதை அறுத்துப்போடவே ரத்தத்தில் நியூக்ளியேஸ் என்ற என்சைம்கள் இருக்கின்றன. ஓரிகாமி உதிராமல் நிற்க மெக்னீசியம் உப்பு தாராளமாக வேண்டும், ரத்தத்தில் அந்த அளவு கிடையாது. லைசின் என்ற அமினோ அமிலத்தின் சங்கிலியும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமரும் சேர்ந்த மேல்பூச்சு கொடுத்தால் இரண்டையும் ஓரளவு தாங்குகிறது. தயாரிப்புச் செலவையும் குறைக்கப் பார்க்கிறார்கள். 2017-ல் மியூனிக்கின் ஹெண்ட்ரிக் டீட்ஸ் குழு, குட்டி இழைகளை ஒவ்வொன்றாக இயந்திரத்தில் செய்யாமல் பாக்டீரியாக்களை வைத்தே தொட்டிகளில் விளைவிக்கும் முறையைக் கொண்டுவந்தது.

ஆனால் பெரிய முட்டுக்கட்டை, கட்டிக்குப் போய்ச் சேருவது. ஊசியில் ஏற்றிய நானோ துகள்களைக் கல்லீரலும் மண்ணீரலும் சிறுநீரகமும் வழியிலேயே அள்ளிக்கொள்ளும். 2016-ல் டொராண்டோவின் வாரன் சான் குழு, அதற்கு முந்தைய பத்தாண்டு ஆய்வுகளை எல்லாம் திரட்டிக் கணக்குப் பார்த்தது. டிஎன்ஏ மட்டுமல்ல, பலவகை நானோ துகள்களையும் சேர்த்து எடுத்த கணக்கு அது. ஏற்றிய அளவில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பில் 0.7 சதவீதம். நூற்றில் ஒன்றுகூட இல்லை. பூட்டு எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும், பெட்டியே வீட்டு வாசலுக்குப் போகவில்லையென்றால் என்ன செய்ய? அதோடு, எலிக்கு ஒட்டவைத்து வளர்த்த கட்டி வேறு, மனிதருக்குள் வருஷக்கணக்கில் வளர்ந்த கட்டி வேறு. ஒரே கட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் உள்ள செல்லில் இருக்கும் அடையாளம் மறு மூலையில் இருக்காது.

அதனால்தான் கண்டுபிடிக்கும் பக்கம் முன்னால் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. சோதனைக்குழாயில் கல்லீரல் கிடையாது. உப்பை நம் விருப்பப்படி வைக்கலாம், அறுக்கும் என்சைம்களை முதலிலேயே முடக்கிவிடலாம். தப்பு நடந்தாலும் இன்னொரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்கலாம்.

மருந்துப் பக்கத்தில் மனிதர்வரை போன ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது, அது ஓரிகாமி இல்லை என்றாலும். 1996-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கின் குழு, தங்கத் துகள் ஒன்றைச் சுற்றி முள்ளம்பன்றி மாதிரி டிஎன்ஏ இழைகளை அடர்த்தியாக நட்டது. அப்படி நட்ட இழைகளை என்சைம்கள் அவ்வளவு லேசில் அறுப்பதில்லை, செல்களும் அவற்றைத் தாமாகவே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. பின்னாளில் அதே உருவத்தில், புற்றுநோய்ச் செல் சாகாமல் தடுக்கிற ஒரு மரபணுவை முடக்கும் ஆர்என்ஏவை நட்டு, கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய் திரும்ப வந்த 8 பேருக்கு நரம்பு வழியாகக் கொடுத்தார்கள். முடிவு 2021-ல் வெளியானது. மூளைக்குள் மருந்து நுழைவது சாமானியமில்லை, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு பெரும்பாலானவற்றை உள்ளே விடாது. குணப்படுத்துகிறதா என்று பார்ப்பதற்கான சோதனை அல்ல இது. மிகச் சிறிய அளவுதான் கொடுத்தார்கள், பாதுகாப்பானதா, போய்ச் சேருகிறதா என்ற கேள்விகள்தான். எப்படியும் செய்ய வேண்டியிருந்த அறுவை சிகிச்சையில் கட்டியை எடுத்த பிறகு, அதைச் சோதித்தபோது புற்றுநோய்ச் செல்களுக்குள்ளேயே தங்கம் இருந்தது.